கேட்டால் சொல்லுவன்

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் நம் மனிதர்கள் யாராக இருந்தாலும் "ஆச்சு" என்றுதான் சொல்வார்கள். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தாலும் அதுதான் பதில். நானும் அப்படித்தான் சொல்வேன். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. அது மரியாதை. இந்த மரியாதை தெரியாத ஒரே ஒரு மனுஷியைத்தான் என் ஆயுசில் பார்த்திருக்கிறேன்.

பூனாவை ஒட்டிய கட்கியில் தொழிற்சாலை வேலைக்கு வந்த நம் ஜனங்கள் கூடிக் கட்டிய மாரியம்மன் கோவில் ஒன்று உண்டு. ஆடி மாசம் அங்கே கூழ் ஊற்றுவோம். பூனாவில் அது மழைக்காலம். தூறலில் கொடி கட்டி, அடுப்பு நனையாமல் தகரம் பிடித்து, எப்படியோ ஊற்றிவிடுவோம். அந்த வருஷம் என் கையில் கரண்டி. எல்லோரும் வாங்கிக்கொண்டு போன பிறகும் ஒரு அம்மா மட்டும் தூண் ஓரமாகப் பெண்ணை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். வெளுத்த சேலை. நெற்றியில் திருநீறும் குங்குமமும். கழுத்தில் மஞ்சள் கயிறு. பெண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும்.

நான் வழக்கம்போலக் கேட்டேன். "சாப்டாச்சாம்மா?"

"இல்லைப் பிள்ளை. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு நாங்கள் ரெண்டு பேரும் சாப்பிடேல்லை. நீங்கள் தந்தால் சாப்பிடுவம்."

கெஞ்சுகிற குரல் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். என் கை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டது. பசியை இவ்வளவு நேராக யாரும் என்னிடம் சொன்னதில்லை. அம்மனே வந்து வாய் திறந்து கேட்டால் இப்படித்தான் கேட்பாளோ என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அவர் வவுனியாவுக்குப் பக்கத்து ஊர். சண்டையில் ஊரை விட்டு, படகில் ராமேஸ்வரம் வந்து, அகதி முகாமில் இருந்தவர். பூனாவில் காண்ட்ராக்டராக இருந்த ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டுச் சமையலுக்கென்று முகாமில் அனுமதி வாங்கி அழைத்து வந்திருக்கிறது. பிறகு அந்தக் குடும்பம் குஜராத் பக்கம் போய்விட்டது. இவரை அழைத்துப் போகவில்லை. முகாமில் கொடுத்த அனுமதியும் முடிந்துவிட்டது. இதையெல்லாம் கூழைக் குடித்து முடித்து, சொம்பைக் கழுவி வைத்த பிறகு, நான் கேட்கக் கேட்கச் சொன்னார். கேட்காத ஒன்றையும் சொல்லவில்லை.

வரிசை வீடுகளாகக் கட்டிய எங்கள் சாளில் பின்பக்கம் ஒரு அறை சும்மா கிடந்தது. என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் ஃபிட்டர். வெடிமருந்துத் தொழிற்சாலை. சுவர் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். தொண்ணூற்றொன்றில் முன்னாள் பிரதமர் கொலையான பிறகு சிலோன் என்று சொன்னாலே ஜனங்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அதனால் அவர் ரொம்ப யோசித்தார். பிறகு கூப்பிட்டுச் சொன்னார்.

"ரூம்பு எடுத்துக்கங்கக்கா. யாருனா கேட்டா எங்க அக்கா, வேலூர்லேர்ந்து வந்துக்கிறாங்கன்னு நான் சொல்லிடறேன். நீங்களும் அதயே சொல்லிடுங்க. இங்க மராட்டிக்காரனுக்கு எந்தத் தமிழ் எந்த ஊருன்னு இன்னா தெரியப்போவுது?"

அக்கா பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்காட்டில் நான் சொல்லமாட்டன் தம்பி. கேட்டால் உள்ளதைத்தான் சொல்லுவன். அப்பிடியெண்டால் அறை தருவியளோ?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த அம்மனைப் பார்த்தேன். "சரி, யாரு வந்து கேக்கப் போறாங்க" என்று அவரே சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அப்படித்தான் அவர் எங்களுக்கு சிலோன் அக்கா ஆனார். தெருவில் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவேன். அவரோ, "அது சரிதானே பிள்ளை, நான் சிலோன் தானே" என்பார்.

வீட்டிலேயே இடியப்பம் பிழிந்து, தேங்காய்ச் சம்பல் இடித்து வீடுகளுக்குக் கொடுப்பார். காலையில் கூடை கிளம்பும்போது நான் கேட்பேன், "இன்னிக்கி எப்படிக்கா?" என்று. "மா சரியில்லை. அவல் வாங்கிப் போஹா செய்து குடு பிள்ளைகளுக்கு" என்பார். வாசலில் வாங்க நிற்கிறவர்களிடமும் அதையே சொல்வார். இப்படி வியாபாரம் பண்ணினால் விளங்கின மாதிரிதான் என்று சிரிப்போம். ஆனால் அவர் "இண்டைக்கு நல்லா வந்திருக்கு" என்று சொல்லும் நாளில் பக்கத்துச் சாளிலிருந்து மராத்திப் பெண்கள்கூடத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

மூன்றாம் வீட்டு லோகநாயகி அம்மா பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தது ஒரு கதை. காப்பித் தட்டைத் தூக்க ஒரு கை வேண்டும் என்று அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். பையனின் அம்மா லட்டை வாயில் போட்டுவிட்டு, "நல்லா இருக்குதே. பொண்ணு செஞ்சதா?" என்று கேட்டார். லோகநாயகி அம்மா வாய் திறப்பதற்குள், அந்த அம்மா தன் எதிரில் தட்டோடு நின்ற அக்காவைப் பார்த்தே கேட்டுவிட்டார். "இன்னாம்மா, பொண்ணு செஞ்சதுதானே?"

"இல்லை அம்மா. பஸாரில வாங்கினது. காப்பிதான் பிள்ளை போட்டது. நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். நல்ல கைப்பக்குவம்."

அந்த இடம் அமையவில்லை. அமையாததற்கு வேறு காரணம் இருந்தது, ஆனாலும் லோகநாயகி அம்மா ஒரு வருஷம் அக்காவோடு பேசவில்லை. "உண்ம பேசற வாய்ல உப்ப வெக்க" என்று தண்ணிக் குழாயடியில் எல்லோர் காதிலும் விழத் திட்டுவார். அக்கா குடத்தை நிரப்பிக்கொண்டு பேசாமல் வருவார். அதே லோகநாயகி அம்மா அடுத்த வரன் வந்தபோது பையனைப் பற்றி விசாரிக்க அக்காவைத்தான் கூட்டிக்கொண்டு பையன் வீடு இருந்த கோர்படிக்குப் போனார். "அவ கண்ணால பாத்துட்டு வந்து நல்லவன்னு சொல்லட்டும், அப்புறம் தட்ட மாத்தறேன்" என்றார். கேட்டவர்களிடம், "திட்டறது வேற, நம்பறது வேற" என்றார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது அக்காவிடம். நாம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்ல மாட்டோமே, "போயிட்டு வரேன்" என்போம். அவர்கள் ஊரில் அது "போட்டு வாறன்." அக்கா பஸாருக்குப் போனால் படியில் நின்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் அதைச் சொல்வார். ஏதோ வாக்குக் கொடுக்கிற மாதிரி. எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். "பட்டாட்டா கெழங்கு வாங்கிட்டு வர்றதுக்கு இத்தன யோசனையாக்கா?" என்று கேலி செய்வேன். சிரிப்பார். பதில் வராது. அது கேள்வி இல்லை, கேலிதான் என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் எங்கே என்று நானும் அதுவரை கேட்கவில்லை. கழுத்தில் தாலி இருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது. அதற்கு மேல் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்டால் சொல்லிவிடுவாரே.

பம்பாயில் குண்டுகள் வெடித்தன. அதற்குப் பிறகு தொழிற்சாலையைச் சுற்றியிருந்த தெருக்களில் போலீஸ் வீடு வீடாக வந்து குடியிருப்பவர்களை விசாரித்தது. அக்கா பெண் சுகந்திக்கு அப்போது வருஷப் பரீட்சை நேரம். முனிசிபல் பள்ளியில் சேர்ந்து, மராத்தியில் எங்கள் பிள்ளைகளையே மிஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரும் ஒரு ஹவல்தாரும் வந்தார்கள். பின்னறையைக் காட்டி, "உதர் கோன் ரெஹ்தா ஹை?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று.

"மேரி பெஹன் ஹை சாப். வேலூர் ஸே" என்றார் இவர். என் அக்கா, வேலூரிலிருந்து வந்திருக்கிறாள் என்று. சாதாரணமாகத்தான் சொன்னார். நாக்குக்கூடக் குழறவில்லை. ஹவல்தார் எழுதவும் ஆரம்பித்துவிட்டார். அவர்கள் அடுத்த வீட்டுக்குத் திரும்பும் நேரம், இடியப்பக் கூடையோடு அக்கா உள்ளே நுழைந்தார். இன்ஸ்பெக்டர் சும்மா, போகிற போக்கில்தான் கேட்டார். வேலூரா என்று.

அக்கா கூடையைக் கீழே வைத்தார். சந்தையில் கற்ற ஹிந்தியில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். "நஹி சாஹேப். இவர் என் தம்பி மாதிரி. நான் வேலூர் இல்லை. ஸ்ரீலங்கா. அங்கே லடாய். படகில் வந்தேன்."

 என் வீட்டுக்காரர் கையில் இருந்த துணி கீழே விழுந்தது.  வெடிமருந்துத் தொழிற்சாலைக்காரன், வெளிநாட்டு ஆளை வீட்டில் மறைத்து வைத்து, போலீசுக்குப் பொய் சொல்லியிருக்கிறான். வேலை போகும். வேலை போனால் வீடு போகும். ஜெயில் என்றால் என்ன செய்வேன்.

அக்காவையும் என் வீட்டுக்காரரையும் போலீஸ் சௌக்கிக்கு வரச் சொன்னார்கள். சுகந்தி ஓடிவந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ அம்மா. சொல்லுங்கோ" என்று கேட்டாள். அக்கா அவள் தலையைத் தடவினார்.

"வருவனோ எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. போறன்."

அந்தச் சொல்லைக் கேட்டு அந்தப் பெண் அழுத அழுகை என் காதில் இன்னும் இருக்கிறது. நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வேண்டிக்கொண்டேன். நடுநடுவே அக்காவைத் திட்டியும் கொண்டேன். ஒரு தடவை தலையை ஆட்டியிருந்தால் போதுமே என்று. லோகநாயகி அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து சுகந்திக்குக் கஞ்சி கொடுத்தார்.

சாயங்காலம் இரண்டு பேரும் நடந்தே வந்தார்கள். அக்கா நேராக உள்ளே போய்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரர் அசட்டுத்தனமான ஒரு சிரிப்போடு தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார்.

"எல்லாத்தையும் கேட்டாருடி அந்த இன்ஸ்பெக்டரு. கடசியா அக்காவப் பாத்து ஒண்ணு கேட்டாரு. நீ ஸ்ரீலங்கான்னு இந்தாளுக்கு முன்னாடியே தெரியுமான்னு. எனக்கு உசிரே இல்ல. தெரியாதுன்னு அக்கா ஒரு வார்த்த சொன்னா நான் தப்பிச்சேன். அவங்க என்ன ஏமாத்தினதா ஆவும், அவ்ளோதான்."

"அக்கா இன்னா சொன்னாங்க?"

"தெரியும்னு சொல்லிட்டாங்க. மொத நாளே நான் சொன்னேன், தெரிஞ்சுதான் எடம் குடுத்தாரு. எங்களுக்கு அன்னிக்கிப் போக எடமில்ல. அதுக்கு இவருக்குத் தண்டன குடுத்தீங்கன்னா, இனிமே இந்த ஊர்ல ஒருத்தரும் ஒருத்தருக்கும் கதவத் தொறக்க மாட்டாங்க. அப்படின்னாங்க. அவங்க ஹிந்தியில பாதி, கையால பாதி."

"அப்புறம்?"

"அந்தாளு பேனாவ மூடி வெச்சாரு. டீ சொன்னாரு. எங்க மூணு பேருக்கும். இந்த நாற்காலியில உக்காந்து எத்தனையோ பேரக் கேட்டிருக்கேன், தனக்கே எதிரா சாட்சி சொன்ன ஆள இன்னிக்கித்தான் பாக்கறேன்னாரு. எம்மேல ஒண்ணும் எழுதல. இனிமே போலீஸ்காரன் கேட்டா பெஹன்னு சொல்லாத, கிராயேதார், வாடகைக்கு இருக்கறவங்கன்னு சொல்லுன்னு காதத் திருகற மாதிரி சொன்னாரு."

ஆனால் சட்டம் சட்டம்தான். தொழிற்சாலைப் பக்கத்தில் அக்கா இருக்கக்கூடாது. வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் ஆபீசில் போய்ப் பெயர் கொடுத்து, மாசா மாசம் நேரில் வந்து முகம் காட்ட வேண்டும். முகாமுக்குத் திரும்பிப் போகச் சொல்வார்களோ என்று பயந்தோம். பெண்ணின் படிப்பைக் காட்டி அந்த இன்ஸ்பெக்டரே ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது.

அக்கா பிம்ப்ரிக்குக் குடிபோனார். அங்கே பாகிஸ்தான் பிரிந்தபோது ஓடிவந்த சிந்திக்காரர்களைக் குடிவைத்த பழைய முகாம் இருந்த இடம், இப்போது பெரிய துணி பஸார். ஒரு சேட்டின் கடையில் சேலைக்கு ஃபால் தைக்கிற வேலை. அந்தச் சேட்டு குழந்தையாக இருந்தபோது கராச்சியிலிருந்து கப்பலில் வந்தவராம். என்ன பாஷையில் பேசிக்கொண்டார்களோ தெரியாது. கப்பல், படகு, முகாம் என்ற மூன்று சொல்லிலேயே அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

கட்கியிலிருந்து லோக்கல் ரயிலில் நான் அடிக்கடி போவேன். ஒரு தடவை போனபோது சேட்டு என்னிடம் முறையிட்டார். "உங்கள் அக்காவைக் கொஞ்சம் சொல்லி வையுங்கள். கஸ்டமர் சாயம் போகுமா என்று கேட்டால், போகும் என்கிறாள். என் கடையில் உட்கார்ந்துகொண்டு." நான் வெட்கப்பட்டு, அக்காவை வேண்டுமானால் அழைத்துப் போய்விடட்டுமா என்று கேட்டேன். சேட்டு இரண்டு காதையும் தொட்டுக்கொண்டார். "ஐயோ வேண்டாம். இப்போது எல்லோரும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள்."

மாசம் ஒருநாள் அந்த ஆபீசுக்குப் போகும்போது அக்கா தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டி, திருநீறு பூசிக்கொண்டு போவார். கோவிலுக்குப் போகிற மாதிரி. "இன்னாத்துக்குக்கா இவ்ளோ?" என்றால், "இருக்க இடம் தந்த வீட்டுக்குப் போறன், பிள்ளை. அழுக்காய்ப் போகலாமோ" என்பார். மழையில் ரயில் நின்ற ஒருநாள் தண்டவாளத்தோடு நடந்து போய் முகம் காட்டிவிட்டு வந்தார். நமக்குச் சொந்த நாட்டில் ஓட்டுப் போடப் போவதற்கே சோம்பல்.

சுகந்தி பிகாம் முடித்தாள். ஹிஞ்சேவாடியில் பெரிய பெரிய கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். அதில் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. கம்பெனி வண்டி வாசலுக்கு வந்து அழைத்துப் போகும். அவளைப் பார்த்தால் பிறந்ததிலிருந்து பூனாவில் வளர்ந்த பெண் என்றுதான் சொல்வார்கள். வேலையை நிரந்தரமாக்கும் நேரம், எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்டார்கள். தாயைப் போலப் பிள்ளை. உள்ளதைச் சொன்னாள். வேலை போனது.

அன்றைக்கு நான் பிம்ப்ரியில் இருந்தேன். சுகந்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"உங்கட உண்மை எனக்குச் சோறு போடேல்லை அம்மா. பள்ளிக்கூடத்தில எல்லாரும் இந்த ஊர்ப் பிள்ளையள். நானும் இந்த ஊர்ப் பிள்ளை எண்டு நினைச்சன். இல்லையாம். நான் எந்த ஊர் அம்மா?"

 கேட்டும் அக்கா பதில் சொல்லாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கனடாவில் அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தார். அவர் கூப்பிட்டுக்கொள்ள எழுதிப் போட்டார். டில்லியில் அந்த நாட்டுத் தூதரகத்தில் நேரில் விசாரிப்பார்கள். அதற்கு முன்னால், இப்படிப்பட்டவர்களுக்கு உதவி செய்கிற ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்து எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அன்றைக்குத்தான் நானும் அந்தக் கதையைக் கேட்டேன்.

அக்காவின் வீட்டுக்காரர் ஒரு காலை மண்ணெண்ணெய் வாங்க டவுனுக்கு சைக்கிளில் போனார். அன்று வழியில் சண்டை. ஆள் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னவர் யாரும் இல்லை. அவ்வளவுதான் கதை.

"அம்மா, புருஷன் செத்துட்டாருன்னு சொல்லிடுங்க" என்றார் வந்தவர். "விதவை, பொண்ணு, வேற ஆதரவு இல்ல. ஃபைல் சீக்கிரம் நகரும். இத்தன வருஷமாச்சு, அது பொய்யும் இல்லையே. காணாமப் போனாருன்னா ஆயிரம் கேள்வி கேப்பான். எங்க போனாரு, யாரோட போனாரு, எந்த இயக்கம்னு. பொண்ணு வாழ்க்கைய நெனைங்க. அந்தத் தாலிய மட்டும் அன்னிக்கிக் கழட்டி வெச்சுட்டுப் போங்க."

சுகந்தி அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "ஒரேயொரு சொல்லம்மா. எனக்காக."

நானும் சொன்னேன். கடவுள் மன்னிப்பார் அக்கா என்று சொன்னேன்.

அக்கா தாலியைக் கையில் பிடித்துக்கொண்டார். "கேட்டால் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுவன்" என்று மட்டும் சொன்னார்.

டில்லியில் நடந்ததை சுகந்தி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா. பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்ல ஒருவர். அக்கா தாலியோடும் பொட்டோடும் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் கணவர் இறந்துவிட்டாரா?

"தெரியாது."

உயிரோடு இருக்கிறார் என்று நம்புகிறீர்களா?

"தெரியாது."

இவ்வளவு வருஷமாகிவிட்டது. நான் என்ன எழுத?

"தெரியாது எண்டு எழுதுங்கோ. காலையில சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசல் படலையடியில நிண்டு, போட்டு வாறன் எண்டு சொல்லிட்டுப் போனவர். அவர் எனக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. வரேல்லை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். செத்துப்போனார் எண்டு நான் சொன்னால், அவர் சொன்ன சொல்லை நான் பொய்யாக்கினதாய்ப் போயிடும்."

 அந்த வெள்ளைக்கார அம்மா பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாராம். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லையாம். எல்லாம் முடிந்தது என்று அழுதுகொண்டே வந்தாள் சுகந்தி.

நான் அன்றைக்கு அழவில்லை.  இத்தனை வருஷம் நான் அதை ஒரு குணம் என்று நினைத்திருந்தேன். பிடிவாதம் என்றும் நினைத்ததுண்டு. விரதம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. புருஷன் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போனார். அந்தச் சொல் பொய்யாகாமல் இருக்க, இவர் தன் வாயில் ஒரு பொய்யும் நுழையாமல் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். லட்டிலும் சாயத்திலும்கூட. நான் செவ்வாய் வெள்ளி விளக்கேற்றுகிறவள். என் பக்தி எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரிந்தது.

சில மாசம் கழித்து அனுமதி வந்தது. இரண்டு பேருக்கும். ஏன் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மன் என்று நான் சொல்வேன். "பொய்யக் கேட்டுக் கேட்டு அந்தம்மாவுக்குச் சலிச்சுப் போயிருக்கும்" என்பார் என் வீட்டுக்காரர். இந்த நாட்டை விட்டுப் போக இங்கேயும் ஒரு அனுமதி வேண்டும். பதிவில்லாமல் இருந்தவர்கள் அதற்கு என்ன பாடு பட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அக்கா மாசா மாசம் போன அந்த ஆபீசில், வெளுத்த சேலையைப் பார்த்ததும் குமாஸ்தா எழுந்து நின்றுவிட்டாராம். இந்த அம்மாவைப் பற்றி எழுத எங்களிடம் ஒன்றும் இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்தாராம்.

புறப்படுவதற்கு முன் அக்கா எங்கள் சாளுக்கு வந்தார். பின்னறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். லோகநாயகி அம்மா ஒரு டப்பா லட்டோடு வந்து, "இது நானே செஞ்சது. நம்பு" என்று கையில் திணித்தார். அக்கா அவிழ்த்து ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஓம். கொஞ்சம் சீனி கூடிப்போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம். லோகநாயகி அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். வழக்கம்போல ஒரு கணம் யோசித்தார். எந்தச் சொல் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"போறன் பிள்ளை."

அபசகுனம் என்று என் வாய் பதறவில்லை. "சரிக்கா" என்றேன்.

"ஒரு காரியம். நாங்கள் படகேறினது எங்கட ஊர்ச் சனத்துக்குத் தெரியும். முகாமில கேட்டால் பூனா எண்டு சொல்லுவினம். பூனாவில தமிழாக்கள் எங்கையெண்டு கேட்டால் இந்தக் கோவிலைக் காட்டுவினம். கோவில்ல கேட்டால் உன்னைக் காட்டுவினம். அவர் வந்து கேட்டால், சொல்லு."

"சொல்றேங்க்கா."

"கேட்டால் மட்டும் சொன்னால் காணும், போதும்."

அதற்குப் பிறகு எத்தனையோ ஆடி வந்து போய்விட்டது. என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகிவிட்டார். ஹிஞ்சேவாடியில் மகன் வாங்கியிருக்கும் ஃபிளாட்டில் எங்களுக்கென்று ஒரு அறை இருக்கிறது. லிஃப்ட் இருக்கிறது. வந்துவிடுங்கள் என்று வாரம் தவறாமல் கூப்பிடுகிறான். முழங்கால் வலியோடு இந்தச் சாளில் ஏன் கிடக்கிறாய் என்று மருமகள் கேட்கிறாள். பூசாரியிடமும், டீக்கடைக்காரரிடமும், லோகநாயகி அம்மா பேரனிடமும் விவரம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனாலும் என்னைத்தானே காட்டுவார்கள் என்று அக்கா சொன்னார். அதனால் இங்கேயே இருக்கிறேன்.

இன்றைக்கும் கூழ் ஊற்றும் நாளில் கரண்டி என் கையில்தான். வயசான ஆண் யாராவது தூண் ஓரமாகத் தயங்கி நின்றால் கரண்டியோடு நானே பக்கத்தில் போவேன். பெயர் கேட்க மாட்டேன். ஊர் கேட்க மாட்டேன். "சாப்பிட்டாச்சா?" என்று மட்டும்தான் கேட்பேன். இதுவரை எல்லோரும் "ஆச்சு" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் வந்தால் "இல்லை" என்றுதான் சொல்வார்.